கறவை தள்ளிப்போன சாயங்காலம்

எங்கள் பால் இரண்டு தடவை ஆலையில் தேறவில்லை. கிருமி அதிகமாம். மூன்றாவது தடவையும் தேறாவிட்டால் லாரி எங்கள் கேட்டில் நிற்காது என்று டிரைவர் ஒல்மெடோ சொல்லிவிட்டுப் போனான்.

நான் நம்பவில்லை. இங்கே உருகுவேயில் குளிர்காலம் முடிந்து புல் முளைக்கப் போகிறது, எல்லாப் பண்ணையிலும் பால் பெருகும், ஆலைக்காரனுக்கு யாரையாவது கழித்துக்கட்ட வேண்டும், அதற்குக் கிருமி ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எண்ணிப் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னால் நான் எதை வைத்து நம்புவது?

என் பெண்டாட்டி நீபியா என்னைப் போல இல்லை. அவள் கறவைக் கொட்டகைக்குப் போய் வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். முதல் வாளி ஆவி பறந்தது. இரண்டாவது வாளி பாதி நிறைவதற்குள் கையை உள்ளே விட்டாள்.

"கிழவா, இங்க வா. இந்தத் தண்ணியில கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம்."

கறவை மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். பால் ஓடுகிற குழாய்க்குள் கொழுப்பு ஒட்டும். கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் ஓடினால்தான் அது கரையும். குழந்தை குளிக்கிற சூட்டில் கழுவினால் கொழுப்பு அங்கேயே உட்கார்ந்து புளிக்கும். அடுத்த வேளை பால் அதன் மேல்தான் ஓடும்.

மாடுகள் நீபியாவின் அப்பன் வழி வந்தவை. முப்பத்தி சொச்சம் உருப்படி. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தது அவள். லாரி நிற்காவிட்டால் அவற்றை விற்க வேண்டும். பாலைக் கறந்து ஓடையில் ஊற்றிக்கொண்டு யாரும் மாடு வைத்திருக்க முடியாது. அவள் அடுப்படியில் சட்டிகளைச் சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷமாக அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"ஹீட்டருக்கு ஆள் கூப்பிட்டிருக்கேன். சான் ஹோசேயிலிருந்து. குர்பேலோ பொண்ணு" என்றாள்.

"எந்தக் குர்பேலோ? எனக்குப் பம்பு வித்தவனா?"

"அவன்தான்."

"அவன் பம்பு மூணாம் நாள் நின்னுபோச்சு."

"கூப்பிட்டது பொண்ணை. அவனை இல்ல."

மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு அந்தப் பெண் பழைய வண்டி ஒன்றில் சேறு தெறிக்க வந்து இறங்கினாள். பெயர் யனேலா. முப்பது வயது இருக்கும். அப்பனின் மூக்கு அப்படியே இருந்தது. அது அவளுக்கு நல்லதில்லை, எனக்கும் பிடிக்கவில்லை.

"தோன் டார்டோதானே?" என்றாள். தோன் என்பது இங்கே பெரியவர்கள் பெயருக்கு முன்னால் போடுகிற மரியாதை.

"ஆமா. உங்கப்பன் எனக்கு ஒரு பம்பு வித்தான்."

"தெரியும். இந்தப் பக்கம் எந்தக் கேட்டுல நுழைஞ்சாலும் முதல்ல அந்தப் பம்பைப் பத்தித்தான் கேக்குறாங்க. எத்தனை பம்புதான் வித்தாரோ." சிரித்தாள். "ஹீட்டர் எங்க இருக்கு?"

கொட்டகையின் பின்னால், பாத்திரம் கழுவுகிற மேடையை ஒட்டி இருக்கிறது. ஆள் உயரத்துக்கு நிற்கிற தொட்டி. வீட்டில் குளிக்க வைத்துக்கொள்கிற சின்னப் பெட்டி இல்லை. உள்ளே மூன்று காயில், மூன்றும் கரண்டில் வேலை செய்பவை. ஆலை கேட்டதால் வாங்கி வைத்தோம். வைத்த நாளிலிருந்து அதை யாரும் திறந்து பார்த்ததில்லை.

"இதைப் பாத்துக்கறது யாரு?"

"யாரும் பாத்துக்கறதில்ல. அது பாட்டுக்கு இருக்கு."

அவள் நேரே சுவிட்ச் பலகைக்குப் போய் ஹீட்டர் சுவிட்சை அணைத்தாள். பையிலிருந்து ஒரு சிவப்புப் பூட்டை எடுத்து சுவிட்சின் மேல் மாட்டிப் பூட்டினாள். சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் போட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. "பொண்ணே, இது என் வீட்டுப் பலகை. நீ யாரு பூட்டுப் போட?"

"உள்ள கை விடப்போறது நான். நான் கை விட்டிருக்கும்போது யாராவது வந்து, ஐயோ ஹீட்டர் அணைஞ்சிருக்கேன்னு போட்டுட்டா?"

"இங்க இருக்கறது நாங்க மூணு பேரு. யாரு போடுவா?"

"போன மாசம் ஒரு ஓட்டல்ல இருந்தது ரெண்டே பேரு. அதுல ஒருத்தர் போட்டார்."

பிறகு அவள் ஒரு டெஸ்டரை எடுத்தாள். அதை ஹீட்டரில் வைக்காமல் முதலில் பக்கத்துப் பிளக்கில் வைத்தாள். விளக்கு எரிந்தது. அப்புறம் ஹீட்டரின் மூடியைக் கழற்றி ஒயர்களில் வைத்தாள். எரியவில்லை. திரும்பவும் போய்ப் பிளக்கில் வைத்தாள். எரிந்தது.

"எத்தனை தடவை பாப்ப?"

"நடுவுல டெஸ்டரே செத்துப்போயிருந்தா? அது எரியலைன்னா கரண்ட் இல்லன்னு நான் நினைச்சுக்குவேன். நல்லா இருக்கான்னு முன்னாலயும் பாக்கணும், பின்னாலயும் பாக்கணும்."

சுவிட்சை நம்பவில்லை, வீட்டுக்காரனை நம்பவில்லை, கையில் இருக்கிற சொந்த டெஸ்டரையும் நம்பவில்லை. இந்தப் பெண் குர்பேலோவுக்குத்தான் பிறந்தாளா என்று எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் செய்வதை எல்லாம் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அவள் தொட்டியைச் சுற்றி வந்தாள். மேலே இருந்து ஒரு செப்புக் குழாய் முழங்கால் உயரத்துக்கு இறங்கி வாய் திறந்தபடி நிற்க வேண்டும். வாய் திறந்திருக்கவில்லை. ஒயின் ஜாடித் தக்கை ஒன்று அதில் அடித்திருந்தது. தக்கை தொலையாமல் இருக்க அதை ஒரு சணல் கயிற்றால் குழாயோடு கட்டியும் வைத்திருந்தார்கள்.

யனேலா குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தோன் டார்டோ, இது என்ன?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் கறப்பவன். கழுவுகிற பக்கம் நீபியாவும் ஏபெரும் பார்த்துக்கொள்வது.

அந்த நேரம் பார்த்து ஏபெர் வந்தான். ஏபெர் எங்களோடு பண்ணையில் வேலை பார்ப்பவன், பக்கத்து நிலத்துக்காரன், வாய் மூடாதவன். ஒரு கையில் மாத்தே இலை நிரப்பிய சுரைக்குடுக்கை, அதில் ஊற்றி ஊற்றி உறிஞ்ச அக்குளில் வெந்நீர்ப் பிளாஸ்க். தூங்கும்போதுகூட அந்தப் பிளாஸ்க் அவன் அக்குளில்தான் இருக்கும் என்று அவன் பெண்டாட்டியே சொல்லியிருக்கிறாள்.

"கொஞ்சம் நகரு கண்ணு" என்றான். குனிந்தான். பழகின கையால் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று தக்கையைப் பிடுங்கினான். தண்ணீர் பீச்சியது. பிளாஸ்க்கைக் கீழே வைத்து, மேலே இருந்த சின்ன நெம்புகோலைத் தூக்கினான். ஆவியோடு தண்ணீர் கொட்டியது. பிளாஸ்க் நிறைந்தது. நெம்புகோலை விட்டான். சொட்டு நிற்கவில்லை. தக்கையை எடுத்து வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான்.

"குடிக்கிறியா?" என்று யனேலாவிடம் குடுக்கையை நீட்டினான்.

யனேலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அண்ணே, நீங்க இப்ப தூக்கினது என்னன்னு தெரியுமா?"

"வெந்நீர்க் குழாய்."

"சேஃப்டி வால்வு."

"அது என்னமோ, தண்ணி நல்லாச் சூடா வருது. கழுவுற குழாயில வர்றதைவிட இதுல சூடு. மேல இருக்கிற தண்ணி பாரு."

"மேல இருக்கிறதுதான் சூடு. அதைத்தான் தினமும் நீங்க எடுத்துட்டுப் போறீங்க. எத்தனை பேர் எடுப்பீங்க?"

ஏபெர் விரல் மடக்கினான். "நான். நீபியா. சினை ஊசி போட வர்ற ஆள் வந்தா அவரு. மருந்துக்காரர். பால் லாரி ஒல்மெடோ."

"ஒல்மெடோவா?" என்று கத்தினேன். "நம்ம பால்ல கிருமின்னு சொல்றவனா?"

"அவனோட பிளாஸ்க் பெருசு" என்றான் ஏபெர்.

உருகுவேயில் மாத்தே குடிக்காத கிழவனைப் பார்த்திருக்கிறீர்களா? நான்தான். வயிற்றுக்கு ஆகாது என்று டாக்டர் நிறுத்தச் சொன்னார். டாக்டரை நான் நம்பவில்லை, ஆனால் வயிறு அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. அதனால் இந்த வால்வுப் பக்கம் நான் போனதே இல்லை. போகிறவர்கள் எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள் என்று யார் கேட்பது? கொட்டகைக்குள் பிளாஸ்க்கோடு போவார்கள், பிளாஸ்க்கோடு வருவார்கள். இந்த நாட்டில் அதைக் கவனிப்பது மழையைக் கவனிப்பது மாதிரி.

"தக்கை யாரு போட்டது?" என்று யனேலா கேட்டாள்.

நான் ஏபெரைப் பார்த்தேன். "வேற யாரு? இவன்தான்."

"சத்தியமா நான் இல்ல தோன் டார்டோ. எனக்கு அது சொட்டினா சொட்டட்டும். என் வீட்டுக் கூரையே சொட்டுது."

"டேய், பொய் சொல்லாத. ஒயின் ஜாடித் தக்கை, உன்னைத் தவிர இங்க யாரு ஜாடி ஜாடியா..."

"நான்தான் போட்டேன்" என்றாள் நீபியா. பின்னால் பால் கேனோடு நின்றிருந்தாள். "நாள் முழுக்கச் சொட்டிக்கிட்டே இருந்தா யாரு நிக்கிறது? கால் எல்லாம் நனைஞ்சு வெடிச்சுப்போச்சு. உங்கிட்ட மூணு தடவை சொன்னேன் கிழவா. பாக்கறேன்னு சொன்ன."

சொல்லியிருப்பாள். அவள் சொல்கிற எல்லாவற்றையும் நான் பார்ப்பதாக இருந்தால் மாடு கறக்க நேரம் இருக்காது.

யனேலா எழுந்து நின்றாள். இந்தத் தடவை அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அம்மா, அது ஏன் சொட்டுச்சு தெரியுமா? இந்த வால்வைத் தினம் பத்துத் தடவை திறக்கறதுக்காகச் செய்யல. கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு துகள் வந்து அடைப்புல உக்காருது. அப்புறம் சரியா மூடாது. சொட்டும். சூடான தண்ணி வெளிய போகும், பச்சைத் தண்ணி உள்ள வரும், அதுகூடவே இன்னும் சுண்ணாம்பு வரும். உள்ள காயில் எப்படி இருக்கும்னு பாக்காமலே சொல்றேன்."

"அதான் தக்கை வச்சேனே. சொட்டு நின்னுச்சே."

"அதுதான் பயம். காயிலைச் சூடு போதும்னு நிறுத்தறது ஒரு சின்ன தெர்மோஸ்டாட். அது ஒருநாள் ஒட்டிக்கிச்சுன்னா சூடு ஏறிக்கிட்டே போகும். இவ்வளவு தண்ணியும் கொதிச்சுப் பொங்கும்போது வெளிய வர இருக்கிறது இந்த ஒரே வழி. நீங்க அதை அடைச்சு, கயிறும் கட்டி வச்சிருக்கீங்க. தொட்டியே கிழியும். நீங்க எங்க நின்னு பாத்திரம் கழுவுவீங்க?"

நீபியா நின்ற இடத்திலேயே நின்றாள். கழுவுகிற மேடை தொட்டியிலிருந்து ஒரு எட்டு. அவள் ஏப்ரனைத் தொங்கவிடுகிற ஆணி தொட்டிக்கு நேர் மேலே இருக்கிறது. நான் அந்த ஆணியைப் பார்த்தேன். ஏபெர் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தான்.

நீபியா குனிந்து தக்கையைப் பிடுங்கினாள். கயிற்றையும் அறுத்தாள். வெளியே சேற்றில் தூக்கி எறிந்தாள். "சரி. இப்ப என்ன செய்யணும்?"

முதலில் தொட்டியை ஆற வைக்க வேண்டியிருந்தது. யனேலா வெந்நீரைத் திறந்துவிட்டுப் பச்சைத் தண்ணீரை உள்ளே ஓடவிட்டாள். அடியில் இருக்கிற குழாயில் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி, வெளியே சாக்கடைக்கு இழுத்துப் போட்டாள். உள்ளே வரும் தண்ணீரை மூடினாள். மேலே ஒரு குழாயைத் திறந்து காற்று போக வழிவிட்டாள். தொட்டி காலியாக ஆரம்பித்தது. கொஞ்சம் தெளிந்த தண்ணீர், பிறகு பால் நிறத் தண்ணீர், பிறகு ஹோஸ் அடைத்துக்கொண்டது. குச்சி விட்டுக் குத்தினாள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்ட மாதிரி வெள்ளைச் சில்லு வந்து விழுந்தது. வாளி வாளியாக வந்தது. ஏபெர் அள்ளி அள்ளிக் கொட்டினான்.

காயிலைக் கழற்றி வெளியே இழுத்தாள். விரல் மொத்தம் இருக்க வேண்டியது சோளக்கதிர் மொத்தம் இருந்தது. மூன்றில் ஒன்று வெடித்தே போயிருந்தது.

"புதுசு போடணும். மூணும்."

"தெரியும்" என்றேன். "உங்கப்பனும் இப்படித்தான், எல்லாமே புதுசு போடணும்பான். பெட்டியைக் காட்டு."

வண்டியிலிருந்து பெட்டிகளை எடுத்து வந்தாள். ஒட்டுப் பிரிக்காமல் இருந்தன. என் கண் முன்னால் பிரித்தாள். "பழசை நான் வச்சுக்குவேன்" என்றேன். பழசைக் கழுவித் துடைத்து இன்னொருவனுக்குப் புதுசு என்று விற்பவர்களை எனக்குத் தெரியும்.

"தாராளமா வச்சுக்குங்க. சாப்பாட்டு மேசையில வச்சுப் பாருங்க" என்றாள்.

வால்வையும் மாற்றினாள். புது வால்வுக்கு ஒரு குழாய் வைத்து, அதைச் சுவரோரமாகத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை இறக்கிச் சாக்கடைக்கு நேராக நிறுத்தினாள். கீழ் முனையைச் சாய்வாக வெட்டினாள். எதையும் மாட்ட முடியாது, பிளாஸ்க்கையும் நிறுத்த முடியாது. ஏபெர் தலையைச் சாய்த்து அந்த இடைவெளியை அளந்து பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

இன்னொன்றும் மாற்றினாள். தொட்டியின் உச்சியில் ஒரு நீளக் கம்பி உண்டு. தொட்டியைத் தின்ன வருகிற துரு முதலில் அதைத் தின்னட்டும் என்று வைப்பது. எங்களுடையதில் கம்பி இல்லை, உள்ளிருந்த ஒயர் மட்டும் மிச்சம் இருந்தது. தின்று முடித்திருந்தது.

இதெல்லாம் முடிவதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. கறவை நேரம். மாடுகள் தாமாகவே கேட்டுக்கு வந்து நின்றுவிட்டன. முன்னால் கொரோனேலா. கொம்பு ஒடிந்த கிழட்டு மாடு, அது இல்லாமல் மற்றது நுழையாது. அது கத்த ஆரம்பித்தால் எல்லாம் கத்தும்.

யனேலா பச்சைத் தண்ணீரைத் திறந்து தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள். கொட்டகையின் கடைசியில் இருக்கிற வெந்நீர்க் குழாயைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தாள். அது புஸ் புஸ் என்று காற்றைத் துப்பியது. பிறகு தண்ணீரும் வந்தது.

"வந்துடுச்சு!" என்று கத்தினேன். "தண்ணி வந்துடுச்சு. பூட்டை எடு. சுவிட்சைப் போடு."

"இருமுது பாருங்க."

"என்ன இருமுது?"

"குழாய் இருமுதே, கேக்கலையா? நடு நடுவுல காத்து வருது. மேல இன்னும் காலி இருக்கு. மேல் காயில் தண்ணிக்கு வெளிய இருக்கும்போது கரண்ட் போட்டா, நீங்க திரும்பி என்னைப் பாக்கறதுக்குள்ள அது வெந்துடும். இப்பத்தான் பெட்டி பிரிச்சது."

மாடுகள் கத்தின. குழாய் இருமியது. நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.

"பொண்ணே, மாட்டு மடி வெடிக்குது அங்க."

"தொட்டி நிறையாம நான் சாவி தரமாட்டேன்."

"ஏபெர், கடப்பாறை எங்க இருக்கு?"

"எனக்குத் தெரியாது தோன் டார்டோ" என்றான் ஏபெர். கடப்பாறை அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது.

குழாய் கடைசியாக ஒரு முறை செருமிவிட்டு அமைதியானது. கயிறு பிடித்த மாதிரி ஒரே சீராக ஓடியது. யனேலா இன்னும் கொஞ்சம் ஓடவிட்டாள். பிறகுதான் மூடச் சொன்னாள். காயில் மாட்டிய இடத்தைப் பழைய பேப்பரால் ஒற்றிப் பார்த்தாள். ஒரு இடத்தில் பேப்பர் நனைந்தது. போல்ட்டுகளை ஒன்று விட்டு ஒன்று எதிரெதிராக முடுக்கினாள். திரும்ப ஒற்றினாள். காய்ந்திருந்தது. ஒயர் முடுக்கிய இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். மூடி போட்டாள். அப்புறம்தான் சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றினாள்.

"நீங்களே போடுறீங்களா?"

"நீ போடு. வெடிச்சா உன் கை."

"சரிதான்" என்று பலகைக்கு ஒரு பக்கமாக நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். தொட்டிக்குள் ஒரு மெல்லிய முனகல் கேட்டது. கிடுக்கி மாதிரி ஒரு மீட்டரை ஒவ்வொரு ஒயரிலும் மாட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். மூன்று காயிலும் இழுக்கிறது.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"குழாய் கழுவுற சூடு வரணும்னா இருட்டிடும்."

"அதுவரைக்கும் மாடு நிக்காது. இந்த ஒரு வேளை பச்சைத் தண்ணியில அலசிட்டுக் கறந்துடலாம். காலைல சூடா கழுவிக்கலாம்" என்றேன்.

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இன்றைக்குக் கறக்கிறதும் நாளைக் காலை கறக்கிறதும் ஒரே குளிர்தொட்டியில்தான் சேரும், ஒல்மெடோ அதிலிருந்துதான் சாம்பிள் எடுப்பான், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மாடு கத்துவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

நீபியா கறவை மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்தக் குழாய் வழியா என் மாட்டுப் பால் போகாது."

"நீபியா, கொரோனேலா கத்தறது கேக்குதா?"

"உனக்கு முன்னாலயே எனக்குக் கேக்கும். கத்தட்டும். நாளைக்கு லாரியில ஏத்தி விக்கும்போதும் கத்தும், அன்னைக்குக் கேட்டுக்கிட்டு நிப்பியா?"

நான் மழைக்குள் போய் மாடுகளுக்குத் தீவனம் போட்டேன். தின்கிற வாய் கத்தாது, கொஞ்ச நேரத்துக்காவது.

திரும்பி வந்தபோது நீபியா அடுப்படியிலிருந்து பொரித்த மாவு ரொட்டி கொண்டுவந்திருந்தாள். மழை பெய்தால் அதைப் பொரிக்காமல் அவளால் இருக்க முடியாது, உலகம் முடிந்தாலும் சரி. நால்வரும் கொட்டகையில் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சர்க்கரை தூவித் தின்றோம். ஏபெரின் பிளாஸ்க் காலி. அவன் தொட்டியைப் பார்த்தான். யனேலா அவனைப் பார்த்தாள்.

"கெட்டில் அடுப்படியில இருக்கு அண்ணே."

"மழை பெய்யுது."

"பெய்யுது."

"சேறு."

"ஆமா, சேறு."

ஏபெர் பிளாஸ்க்கை அக்குளில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கி ஓடினான். முற்றத்தில் வழுக்கி ஒரு காலைத் தூக்கி ஆடினான், விழவில்லை, பிளாஸ்க்கையும் விடவில்லை. நீபியா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

அப்போது நான் கவனித்தேன். புது வால்வின் சாய்வு முனையில் ஒரு சொட்டு கட்டியது. விழுந்தது. இன்னொன்று கட்டியது.

"பாத்தியா!" என்றேன். எழுந்தே விட்டேன். "பாத்தியா, குர்பேலோ பொண்ணே! இப்பத்தான் போட்ட வால்வு, இப்பவே ஒழுகுது. உங்கப்பன் ரத்தம் எங்க போகும்?"

அவள் ரொட்டியை மென்று முழுங்கிவிட்டுத்தான் பேசினாள். "தண்ணி சூடாகும்போது பெருக்கும். பெருக்கறது எங்கயாவது போகணும். இந்த நேரத்துல அது சொட்டணும். சொட்டலைன்னாதான் நான் பயப்படுவேன். சூடு ஏறி காயில் நின்ன பிறகு தானா நிக்கும். அப்பவும் நிக்கலைன்னா ஒழுகல்."

"நீ வீட்டுக்குப் போய்டுவ. யாருக்குத் தெரியும்?"

"நம்பாதீங்க. ஒரு டப்பா வச்சு நீங்களே உக்காந்து பாருங்க."

வைத்தேன். பழைய பீச் டப்பா ஒன்று. வாளியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். டப் என்று விழும். கொஞ்சம் சும்மா இருக்கும். டப். ஏபெர் திரும்பி வந்து மாத்தே உறிஞ்சிக்கொண்டே என்னைக் கிண்டல் செய்தான். மீன் பிடிக்கிறீங்களா தோன் டார்டோ என்றான். நான் திரும்பவில்லை. இந்தப் பெண் சொன்னது பொய்யாக இருந்தால் இன்றைக்கே, இங்கேயே தெரிய வேண்டும், லாரிக்காரன் வந்து சொல்லித் தெரியக் கூடாது.

தொட்டிக்குள் முனகல் நின்றது. டக் என்று தெர்மோஸ்டாட் விட்ட சத்தம் வந்தது. டப்பாவில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று முனையில் தொங்கியது. நான் மூச்சு விடாமல் பார்த்தேன். அது விழாமல் தொங்கியபடியே இருந்தது. விரலால் துடைத்தேன். காய்ந்த குழாய். காத்திருந்தேன். வரவில்லை.

"நின்னுடுச்சு" என்றேன்.

யனேலா எழுந்து வந்து, உடம்பை ஒதுக்கி வைத்துக்கொண்டு நெம்புகோலை ஒரே ஒரு தடவை தூக்கினாள். சாக்கடையில் ஆவி எழும்ப ஓடியது. விட்டாள். கத்தரித்த மாதிரி நின்றது. "இப்படி எப்பவாவது ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. புல் முளைக்கிற வசந்தத்துல ஒண்ணு, இலை உதிரும்போது ஒண்ணு. கீழ சுண்ணாம்பு இறக்கறதை மட்டும் அடிக்கடி. உங்க தண்ணிக்கு அது வேணும். வேற யாரையும் தொட விடாதீங்க."

"நானே இருக்கேன்" என்றேன். "நான் யாரையும் விடமாட்டேன்."

"அது தெரியுது" என்றாள்.

குழாய் கழுவினோம். கை வைக்க முடியாத தண்ணீர், சோடாத்தூளோடு சுற்றிச் சுற்றி ஓடியது. முதலில் வெளியே வந்தது கழுநீர் மாதிரி கலங்கி, புளித்த வெண்ணெய் நாற்றத்தோடு வந்தது. ஏபெர் மூக்கைப் பொத்தினான். இத்தனை நாள் எங்கள் பால் இதன் மேல்தான் ஓடியிருக்கிறது. ஆலைக்காரனைத் திட்டிய வார்த்தைகளில் பாதியை மனசுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதி வேறு விஷயங்களுக்கு, அது இருக்கட்டும். இரண்டாவது சுற்றில் தண்ணீர் தெளிந்தது. அமிலம் ஓடவிட்டு அலசினோம். நீபியா கண்ணாடிக் குழாயில் விளக்கை வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கேட்டைத் திறக்கப் போனாள்.

கொரோனேலா உள்ளே வந்ததும் என் தொடையில் தலையால் ஒரு இடி இடித்தது. பட்டதை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒல்மெடோ வந்து சாம்பிள் எடுத்தான். எடுப்பதற்கு முன்னால் அவனைக் கை கழுவ வைத்தேன். கரண்டியையும் என் வெந்நீரில் கழுவ வைத்தேன். முணுமுணுத்தான். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பின்பக்கம் நடந்தான். நான் வழியில் நின்றேன்.

"அடுப்படிக்குப் போ. கெட்டில் இருக்கு."

"எப்பவும் இங்கதானே புடிப்பேன்?"

"இனிமே இங்க இல்ல."

அன்று முதல் ஒவ்வொரு காலையும் லாரி வருவதற்கு முன்னால் நீபியா கேட்டுக்குப் போய் நின்றாள். வேலி பார்க்கப் போகிறேன் என்று சொல்வாள். வேலியில் ஒன்றும் இல்லை. நானும் போவேன். எனக்கு வேலி பார்க்கிற சாக்கும் கிடைக்கவில்லை, சும்மா நின்றேன். லாரி வரும், பாலை எடுத்துக்கொள்ளும், இன்னும் சொல்லவில்லை என்பான் ஒல்மெடோ, போய்விடும்.

பிறகு ஒரு காலை அவன் கண்ணாடியை இறக்கும்போதே சொன்னான். "தேறிடுச்சு."

"எங்க காட்டு" என்றேன்.

போனை நீட்டினான். அந்தச் சின்ன எழுத்து எனக்குப் படிக்க வராது, பெரிதாக இருந்தாலும் மெதுவாகத்தான் வரும். போனை நீபியாவிடம் கொடுத்தேன். அவள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். உதடு அசைய ஒரு தடவை படித்தாள். திரும்ப மேலே தள்ளி எங்கள் பண்ணை பெயர்தானா என்று பார்த்தாள். நாற்பது வருஷம் என்னோடு இருந்ததில் அவளுக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

"நம்மதுதான்" என்றாள். "கிருமி வரம்புக்கு ரொம்பக் கீழ இருக்கு."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். என் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்துவிட்டு, மாடுகளைப் புல்லுக்கு ஓட்டப் போனாள். போகும்போது ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். அன்றைக்கு ஒன்றையும் விடவில்லை.

ஒல்மெடோ ஹோஸை இழுத்துக் குளிர்தொட்டியில் மாட்டி பம்பைப் போட்டான். பால் ஏற ஏற ஹோஸ் விம்மி விம்மி அசைந்தது. தொட்டி அடிவரை காலியாகிற வரைக்கும் நான் அங்கேயே நின்று பார்த்தேன்.